வேலை தேடும் காலம்

புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் பாதையில் பிரயாணஞ் செய்தவர்கள், பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். வெயில் காலத்தில் அந்த நீர் அசையாமற் கிடக்கும். இன்று பார்த்தாலும் அதே நீர். பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் அதே நீர். அங்கே ஏதோ காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று வழிப்போக்கர் ஒருவர் நம்புவது கடினம். உப்பளத்தில் வேலை செய்வோரோ அப்படி எண்ணுவதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. அந்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலிற் காயவிடுகிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகும் வரையில் கறியுப்பின் ஒரு பரல்கூடக் கண்ணுக்குத் தென்படாது. அதுவரையில் அவர்களுக்கு வழிகாட்டுவது கண் அன்று, கையிலிருக்கும் நீரமானி. போமே என்னும் அளவையில் 3 பாகையளவில் தொடங்கிய கடல்நீர், 10, 15, 20 என்று ஏறிச்சென்று 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு விளையத் தொடங்குகிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உப்பு அன்று, உத்தியோகம். இன்னுஞ் சரியாகச் சொன்னால், உத்தியோகம் கிடைக்காத காலம். மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நீளும் அந்தக் காலத்திலே, மனந்தளர்ந்து அசையாமல் நின்றுவிடும் ஒருவர் மறுபடியும் எவ்வாறு நடக்கத் தொடங்கலாம் என்பதே நம் கேள்வி.

இக்கரையோரத்து இளைஞர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியவர். அதன்பின் கணக்கியலில் ஒரு பாடநெறியையும் முடித்தவர். வெள்ளிக்கிழமைதோறும் வர்த்தமானியைப் பார்க்கிறார். ஞாயிறுதோறும் பத்திரிகை விளம்பரங்களை அடிக்கோடிடுகிறார். முதல் மாதத்திலே பத்து விண்ணப்பங்கள் அனுப்பினார். ஆறாம் மாதத்திலே இரண்டு. ஓராண்டு முடிந்தபோது, விளம்பரத்தை வாசித்ததுமே "இதுவுங் கிடையாது" என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார். வீதியிலே தெரிந்தவர் எவராவது எதிர்ப்பட்டு, "தம்பி, இப்ப என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து வேறு ஒழுங்கையால் வீட்டுக்குப் போகிறார். தாயார் கேட்பதில்லை, ஆனால் அவர் கேட்காமலிருப்பதே ஒரு கேள்வியாக வீட்டை நிறைத்துக்கொண்டிருக்கிறது.

இவர் சோம்பேறி அல்லர், மூடரும் அல்லர். அவருக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்வது. அதற்குக் காரணங்கள் உண்டு; அவற்றைப் பலர் ஆராய்ந்தும் இருக்கிறார்கள். காரணம் தெரிந்தால் வழியும் ஒருவாறு தெரியும்.

முதலில் அவர் நிற்கும் நிலத்தைப் பார்ப்போம். சிலாபம் முதல் கற்பிட்டி வரையிலான இக்கரையிலே தொழிலே இல்லை என்று சொல்ல முடியாது. தெற்கே தென்னந்தோட்டங்கள், லுணுவிலவில் 1929ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தென்னை ஆராய்ச்சி நிலையம். உடப்பு முதலிய ஊர்களில் மீன்பிடி. கற்பிட்டிக் குடாநாட்டு மணல் நிலத்தில் கிணற்று நீரைக்கொண்டு விளைவிக்கும் வெங்காயமும் மிளகாயும். பாலாவிப் பக்கத்திலே உப்பளங்களும் சீமெந்துத் தொழிற்சாலையும். நுரைச்சோலையில் 2011இல் முதற் பகுதியும் 2014இல் மற்றைய இரு பகுதிகளும் தொடங்கிய 900 மெகாவாற்று அனல்மின் நிலையம். அண்மைக் காலத்தில் திமிங்கிலமும் ஓங்கிலும் பார்க்கவும், காற்றாடிப் பலகையிற் கடல் மீது சறுக்கவும் வரும் உல்லாசப் பிரயாணிகள்.

ஆயினும் இத்தொழில்களுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, இவற்றுட் பல பருவத்தைப் பொறுத்தவை. மே முதல் செப்டெம்பர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் பல கரையேறிவிடும். மழை பெய்தால் உப்பளம் நின்றுவிடும். 1980களிலே செழித்த இறால் வளர்ப்பு, 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பெருநட்டங் கண்டது. அதனை நம்பியிருந்த பலர் ஒரே பருவத்தில் வேலையிழந்தனர். மற்றோரியல்பு, இவ்வேலைகளிற் பெரும்பாலானவை வர்த்தமானியிலோ பத்திரிகையிலோ வருவதேயில்லை. ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டு, அவ்வாறே இடம் நிரம்பிவிடுகிறது. நம் இளைஞர் பார்த்துக்கொண்டிருக்கும் வாயில் வழியாக, உள்ள வேலைகளிற் சிறு பகுதிதான் வெளியே தெரிகிறது.

அவர் அந்த ஒரு வாயிலையே பார்த்திருப்பதற்குங் காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் சர்வதேச தொழில் தாபனம் ஒரு தூதுக் குழுவை இங்கு அனுப்பியது. பொருளியலறிஞர் டட்லி சியர்ஸ் அதன் தலைவர். இந்நாட்டு வேலையின்மை வெறும் எண்ணிக்கைப் பிரச்சினை அன்று. கற்ற இளைஞர் எதிர்பார்க்கும் வேலைகளும் நாட்டிலுள்ள வேலைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது அக்குழுவின் அறிக்கை வலியுறுத்திய கருத்துகளுள் முதன்மையானது. அரை நூற்றாண்டு கடந்தும் அக்கருத்து பழமையடையவில்லை. தொழிற்படை மதிப்பீடுகளைப் பார்த்தால், மொத்த வேலையின்மையைவிட இளைஞரிடையே அது கூடுதலாகவும், ஆண்களைவிடப் பெண்களிடையே கூடுதலாகவும், உயர்தரமும் அதற்கு மேலும் கற்றோரிடையே கூடுதலாகவும் இருப்பதை ஆண்டுதோறும் காணலாம்.

அரசாங்க உத்தியோகத்துக்காகக் காத்திருப்பது அறிவீனம் என்று நான் சொல்லவில்லை. ஓய்வூதியமும் நிலையான சம்பளமும் உள்ள வேலையை எவர்தான் விரும்பார்? 2020இல் நடந்ததுபோலப் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் ஒரே தடவையிற் சேர்த்துக்கொள்ளும் காலங்களும் வருகின்றன. காத்திருப்போருக்கு அது பயனளிக்கிறது. ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கையிலுள்ள ஆண்டுகளைக் கொடுத்தே அவ்விலையைச் செலுத்துகிறோம். காத்திருக்கலாம், கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, வேலையின்மை மனிதரை உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஒஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் என்றொரு கிராமம். ஊர் முழுவதும் ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929க்கும் 1930க்கும் இடையில் அந்த ஆலை மூடப்பட்டது. மரீ யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் இளம் ஆராய்ச்சியாளர்கள் அங்கு சென்று ஆராய்ந்து, 1933இல் தங்கள் நூலை வெளியிட்டனர். வேலையில்லாத மக்களுக்கு வாசிக்க நேரம் அதிகம். ஆகவே ஊர் வாசிகசாலையில் நூல்கள் அதிகம் வழங்கப்பட்டிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. இரண்டே ஆண்டுகளில் வழங்கப்பட்ட நூல்களின் தொகை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்திருந்தது. வீதியிலே ஆண்கள் நடக்கும் வேகத்தையும் மறைந்திருந்து அளந்தார்கள். போகவேண்டிய இடம் எதுவுமின்றி அவர்கள் மெல்ல நடந்தார்கள். வழியில் இரண்டு மூன்று தடவை நின்றார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்காக எழுதச் சொன்னபோது, எழுந்ததும் உண்டதும் உறங்கியதும் தவிர அவர்களாற் பெரும்பாலும் எதையும் நினைவுகூர முடியவில்லை. பெண்களோ அப்படியில்லை; சமையலும் பிள்ளைகளும் வீட்டுக் கணக்கும் அவர்களுடைய பொழுதைப் பிடித்து நிறுத்தியிருந்தன.

பிற்காலத்தில் யகோடா அம்மையார் இதிலிருந்து ஒரு விளக்கத்தை வகுத்தார். வேலை சம்பளத்தை மட்டுந் தருவதில்லை. அது பொழுதுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. வீட்டுக்கு வெளியே மனிதரோடு தொடர்பைத் தருகிறது. பலரோடு சேர்ந்து ஒரு நோக்கத்துக்காக உழைக்கும் உணர்வைத் தருகிறது. ஊரில் இன்னார் என்ற மதிப்பைத் தருகிறது. உடலையும் மனத்தையும் தினமும் இயங்கச் செய்கிறது. வேலையில்லாதவர் இழப்பது இந்த ஐந்தையும். ஆகையால், சம்பளம் வரும் வரையில் அதனைத் தவிர்ந்த ஏனையவற்றையாவது மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்சி தொடங்க வேண்டிய இடம் அதுவே.

முதலாவது பொழுதின் ஒழுங்கு. "வேலை கிடைக்க வேண்டும்" என்பது நம் கையில் இல்லாத முடிவு. "இன்று காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை வேலை தேடும் காரியம் பார்ப்பேன்; இவ்வாரம் இரண்டு விண்ணப்பங்கள் எழுதுவேன்; மூவரை நேரிற் காண்பேன்" என்பது நம் கையிலுள்ள செய்கை. ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, இடம், பேசிய ஆள், விடை, அடுத்த படி என்று ஐந்து பத்திகள் கீறிக்கொள்ளுங்கள். உப்பளத்தில் நீரமானி செய்யும் உதவியை அந்தக் கொப்பி செய்யும். வெளியே எதுவும் மாறாதது போலிருந்தாலும், இம்மாதம் போன மாதத்தைவிட எத்தனை பாகை ஏறியிருக்கிறது என்பதை அது காட்டும். நாள் முழுவதும் தேடவும் வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் மனமொன்றித் தேடிவிட்டு மிகுதி நேரத்தை வேறு பயனுள்ள காரியத்தில் செலவிடுபவர், காலை முதல் இரவு வரை கைத்தொலைபேசியில் விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவரைவிட நீண்ட காலம் சோராமல் நிற்பார்.

இரண்டாவது, அடைப்பு எங்கே என்று கண்டறிவது. வாய்க்காலில் நீர் ஓடவில்லையென்றால் வாய்க்கால் முழுவதையும் தோண்டுவாரில்லை. அடைத்த இடத்தைத் தேடுவார்கள். அந்தக் கொப்பி இதற்கும் உதவும். முப்பது விண்ணப்பங்கள் அனுப்பியும் ஒரு நேர்முகப் பரீட்சைக்கேனும் அழைப்பு வரவில்லையா? அப்படியாயின் குறை விண்ணப்பத்தில் இருக்கலாம். அல்லது தகைமைக்குப் பொருந்தாத இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கலாம். எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தைப் பிரதி பண்ணி அனுப்பாமல், அந்த இடம் கேட்டிருப்பது எது, அதனை நான் எங்கே செய்து காட்டியிருக்கிறேன் என்று இரண்டு வரியிலேனும் எழுதவேண்டும். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தும் வேலை மட்டும் வரவில்லையா? விண்ணப்பம் நன்றாகவே இருக்கிறது. பேசிப் பழகுவதே தேவை. ஒரு நண்பரைக் கேள்வி கேட்கச் சொல்லி, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் சொல்லும் பதில் எப்போதும் நன்றாகவே இருக்கும். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அதன் தடுமாற்றம் தெரியும். விண்ணப்பிக்கத்தக்க இடமே மாதத்துக்கு ஒன்றுதான் வருகிறதா? தேடும் எல்லை குறுகிவிட்டது என்று பொருள். தொழிலின் பெயரை விட்டுவிட்டு, "எனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். கணக்கியல் கற்றவருக்கு அரசாங்க எழுதுவினைஞர் பதவி ஒன்றுதான் இடம் என்பதில்லை. இறால் பண்ணைக்கும் கணக்கு உண்டு. மீன் வாங்கி அனுப்பும் வியாபாரிக்கும், உல்லாச விடுதிக்கும், தும்பு ஆலைக்குங் கணக்கு உண்டு.

மூன்றாவது, மனிதர். வெட்கம் வேலையில்லாதவரைச் செய்யும் மிகப் பெரிய தீங்கு அவரை மனிதரிடமிருந்து பிரித்துவிடுவதே. நம் இளைஞர் வேறு ஒழுங்கையால் வீட்டுக்குப் போகிறார் என்று சொன்னோமல்லவா? அவர் தவிர்த்துச் செல்லும் அந்தத் தெரிந்தவரே ஒருவேளை அவருக்குத் தேவையான ஆளாக இருக்கலாம். அமெரிக்காவில் மார்க் கிரனோவெற்றர் என்னும் சமூகவியலறிஞர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: அச்செய்தியை உங்களுக்குச் சொன்னவரை அக்காலத்தில் எத்துணை அடிக்கடி சந்தித்தீர்கள்? அடிக்கடி சந்தித்தோம் என்றவர்கள் ஆறில் ஒரு பங்கினரே. ஏனைய ஐந்து பங்கினரும் எப்போதாவது சந்தித்தோம் என்றோ, அரிதாகவே சந்தித்தோம் என்றோ கூறினார்கள். 1973இலும் 1974இலும் அவர் வெளியிட்ட இம்முடிவு வியப்பாகத் தோன்றினும், காரணம் எளிது. நம் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பருக்கும் தெரிந்த செய்தி நமக்கும் ஏற்கெனவே தெரிந்ததே. முன்னொருகால் ஒன்றாகப் படித்துவிட்டு இன்று குருநாகலில் இருப்பவருக்கும், திருமண வீட்டில் ஒருமுறை கண்ட சீமெந்துத் தொழிற்சாலை ஊழியருக்கும் தெரிவது வேறு செய்தி.

அவர்களிடம் எவ்வாறு கேட்பது? "எனக்கு ஒரு வேலை எடுத்துத் தாருங்கள்" என்று கேட்டால், கொடுக்க வேலையில்லாதவர் சங்கடப்பட்டு விலகுவார். "உங்கள் இடத்தில் கணக்குப் பகுதிக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள்? என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுவதில் எவருக்கும் நட்டமில்லை. பேச்சு முடியும்போது, "இதுபற்றி நான் இன்னும் யாரைக் கேட்கலாம்?" என்ற ஒரு கேள்வியையும் மறவாதீர்கள். ஒருவர் மூவராவது அவ்வாறுதான்.

நான்காவது, தனியே தேடாமை. உடப்புக் கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்தவருக்கு, தனியொருவர் அந்த வலையை அசைக்கவும் முடியாது என்பது தெரியும். அம்பாப் பாட்டின் இசைக்கு எல்லாரும் ஒன்றாக இழுத்தால் அது கரையேறுகிறது. வேலை தேடுவதிலும் இவ்வுண்மையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் நேதன் அஸ்ரின் என்னும் உளவியலறிஞரும் அவர் துணைவர்களும், வேலை தேடுவோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தினமும் கூட்டமாகக் கூடி, ஒருவருக்கொருவர் விளம்பரம் பார்த்தும் கடிதம் திருத்தியும் துணைநின்றும் தேடச் செய்தார்கள். மற்றைய பிரிவினர் வழக்கம்போலத் தனித்தனியே தேடினார்கள். 1975இல் வெளிவந்த அவ்வறிக்கையின்படி, மூன்று மாத முடிவில் தனித்துத் தேடியவருள் பத்தில் ஆறு பேரளவில் வேலை பெற்றிருந்தனர்; கூடித் தேடியவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெற்றிருந்தனர். இதற்குப் பெருஞ் செலவோ பெரிய மண்டபமோ வேண்டியதில்லை. வாசிகசாலையிலோ, சனசமூக நிலையத்திலோ, கோயில், பள்ளிவாசல், தேவாலய மண்டபத்திலோ நால்வர் கிழமைக்கு இருமுறை கூடினாற் போதும். ஒருவருக்குப் பொருந்தாத விளம்பரம் மற்றொருவருக்குப் பொருந்தும். ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் நிமிர்ந்திருப்பார்.

ஐந்தாவது, தெரிந்த தொழிலுக்குச் சான்று பெறுதல். இதனைச் சொல்லும்போது இம்மாவட்டத்தின் அண்மை வரலாற்றிலே மறக்கவொண்ணாத ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமளவே. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட அம்மக்களுட் பெரும்பாலார் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். இங்குள்ளவர்கள் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் தோட்டத்தையும் திறந்துவிட்டு இடங்கொடுத்தனர். கடை வைத்திருந்தவர், தையற்காரர், ஆசிரியர், விவசாயி எனப் பல தொழிலாற் சிறந்திருந்தோர் ஒரே வாரத்தில் தொழிலற்றவராயினர். கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கூலிக்குப் போனார்கள்; உப்பளத்துக்குப் போனார்கள். கூலிவேலையும் போதியதாக இருக்கவில்லை. முன்பே இங்கு அவ்வேலையை நம்பியிருந்த ஏழைகளுக்கும் அதனால் நெருக்கடி உண்டாயிற்று. பல்லாண்டுகள் ஓலைக் குடிசைகளிற் கழிந்தன. நிரந்தர வீடுகளுக்கான உலக வங்கியின் உதவித் திட்டம் 2007இலேதான் தொடங்கியது. எல்லாரும் மீண்டெழுந்தார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆனால் கைத்தொழில் தெரிந்த ஒருவர் ஊரை இழந்தாலும் கையை இழப்பதில்லை. அந்தக் கை திறமையுள்ளது என்பதைப் புதிய ஊருக்கு நிரூபிப்பதுதான் கடினம்.

இன்று அதற்கு ஒரு வழி இருக்கிறது. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு படிநிலைச் சான்றிதழ் முறை நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. பயிற்சி நிலையத்தில் ஒருநாளும் படியாமல், தந்தையிடமோ முதலாளியிடமோ பார்த்துப் பழகித் தொழில் கற்ற மின்னியலாளர், மேசன், இயந்திரம் திருத்துபவர், சமையற்காரர் ஆகியோருங்கூட, தம் வேலையைச் செய்து காட்டி, முன்னனுபவத்தின் அடிப்படையில் அச்சான்றிதழைப் பெறலாம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பயிலுநர் சபையாகத் தொடங்கி இன்று தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை எனப்படும் நிறுவனத்தையும், தொழிற்பயிற்சி அதிகாரசபையையும் இதற்காக அணுகலாம். எங்கே போவது என்று தெரியாதவர், தம் பிரதேச செயலகத்துக்குச் சென்று, வேலைவாய்ப்பையும் தொழில் வழிகாட்டலையும் கவனிக்கும் உத்தியோகத்தரை விசாரிப்பதே நல்ல தொடக்கம்.

இடைக்காலத்தில் கிடைக்கும் சிறு வேலையை ஏற்கலாமா என்று பலர் கேட்பார்கள். பொழுதுக்கு ஒழுங்கையும் மனிதத் தொடர்பையும் தருமாயின் ஏற்பது நன்றே. ஆனால் தேடுவதற்கென்று கிழமைக்குச் சில மணி நேரத்தை அது விட்டுவைக்க வேண்டும்; இல்லாவிடின் இடைக்காலம் முழுக் காலமாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். நீண்ட நாள் காத்திருந்த மனம் எந்தக் கதவு திறந்தாலும் ஓடும். அதனை அறிந்தே சிலர் கதவுகளைத் திறந்து வைக்கிறார்கள். இக்கரையோரத்திலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் மிகப் பலர். அண்மை ஆண்டுகளில், கணினி வேலை என்று நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர் மியன்மாரில் உள்ள மோசடி முகாம்களில் அடைபட்டு, பிறகு மீட்கப்பட்டனர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் முகவருக்கு உண்டா என்பதைப் பணியகத்திடமே கேட்டறியுங்கள். உல்லாசப் பிரயாண விசாவில் வேலைக்குப் போகச் சொல்பவரையும், பற்றுச்சீட்டில்லாமற் பணங் கேட்பவரையும் நம்பாதீர்கள்.

இனி வீட்டிலுள்ளோருக்கு இரண்டொரு வார்த்தை. "இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா?" என்று தினமுங் கேட்பது உதவியாகாது, அதைப்பற்றியே பேசாமல் மௌனமாக இருப்பதும் உதவியாகாது. கிழமையில் ஒருநாள் குறித்துக்கொண்டு, அந்தக் கொப்பியைப் பார்த்து, "அடுத்த கிழமை யாரைக் காணப்போகிறாய்? பஸ் செலவுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதிருங்கள். உறக்கமும் உணவுங் குறைந்து, எவரோடும் பேசாமல், வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு வாயில் வருமாயின், அது சோம்பலன்று. வைத்திய உதவி வேண்டிய நிலை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் அதற்கென்றே உள்ளது. அதனை அழைப்பதில் இழுக்கில்லை.

வேலை கொடுப்போரிடமும் ஒரு வேண்டுகோள். நேர்முகப் பரீட்சைக்கு வந்து தெரிவுசெய்யப்படாதவருக்கு, "இம்முறை இடம் இல்லை" என்று இரண்டு வரி எழுதுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பதில் வருமென்று ஒரு வீடு மூன்று மாதம் காத்திருப்பதை அது தவிர்க்கும்.

இத்தனையுஞ் செய்தால் வேலை நிச்சயமாகக் கிடைக்குமா? அப்படி உறுதி கூற எவராலும் முடியாது. 2022இல் நாடு கண்டது போன்ற பொருளாதார நெருக்கடி வரும்போது, எவ்வளவு திறமையோடு தேடினாலும் கிடைக்காத காலம் உண்டு. அது தேடுபவரின் குற்றமன்று; அதனைத் தம் குற்றமாக அவர் சுமக்கவும் கூடாது. உப்பளத்திலும் பாதி விளைந்த பாத்தியில் ஒருநாள் மழை பெய்துவிடும். உப்புநீர் மறுபடியும் பாகை இறங்கிவிடும். அவ்வேளையில் அங்குள்ளவர்கள் முதலிற் செய்வது, நீரமானியை விட்டுப் பார்ப்பது. எத்தனை பாகை இறங்கியிருக்கிறது, எந்தப் பாத்தியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லும். பெரும்பாலும் அது கடல்நீரின் 3 பாகைக்கு மேலேயே இருக்கும்.

நம் இளைஞரும் நாளைக் காலையில் அந்த அப்பியாசக் கொப்பியை எடுத்து, முதற் பக்கத்தில் திகதியை எழுதட்டும். அதன்கீழ், தாம் வேறு ஒழுங்கையால் தவிர்த்துவந்த அந்தத் தெரிந்தவரின் பெயரை எழுதட்டும். மாலையில் நேர் வீதியாலேயே நடந்து சென்று அவரைக் காணட்டும்.